மரவேலைக் கடையில் மனக்கசப்பு எங்கே தொடங்குகிறது: வாடிக்கையாளர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரவேலைக்கென்றே இருக்கும் கடை, பொதுவான ஹார்டுவேர் கடை மாதிரி இயங்குவதில்லை. ஹார்டுவேர் கடையில் கேட்டதை எடுத்துக் கொடுப்பார்கள், பணத்தை வாங்கிப் போடுவார்கள், அத்தோடு முடிந்தது. மரவேலைக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நிற்பவர் பெரும்பாலும் தானே உளி பிடித்தவராக இருப்பார். அவருக்குத் தெரிந்ததும் சேர்த்துத்தான் அங்கே விற்பனைக்கு இருக்கிறது. அது பாதி வாடிக்கையாளர்களுக்குப் போய்ச் சேருவதே இல்லை. சேராததற்குக் கடைக்காரர் காரணமாக இருப்பதும் உண்டு, அதைக் கடைசிக்கு முன்னால் பார்ப்போம். ஆனால் இந்தக் கடைகளைப் பற்றி எழும் புகார்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். பொருளைத் திருப்பிக் கொண்டுவரும் நாளில் சண்டை வெடிக்கிறது. அதன் விதை வாங்கிய நாளிலேயே விழுந்திருக்கிறது. சொல்லாமல் விட்ட ஓர் அளவு, கேட்காமல் விட்ட ஒரு கேள்வி.

வேலையைச் சொல்லாமல் பொருளை மட்டும் கேட்பது

"நல்ல உளியாக ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் கடைக்காரருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைப்பதில்லை. மூட்டுக்குக் குழி வெட்டவா, பலகை ஓரத்தைச் சீவவா? சுத்தியால் அடிப்பீர்களா, கையாலேயே தள்ளுவீர்களா? குழி வெட்டும் உளி தடிமனானது, அடித்து நெம்பினாலும் தாங்கும். சீவும் உளி நீளமாக, மெல்லியதாக இருக்கும். அதைக் குழிக்குள் விட்டு நெம்பினால் முனை பெயர்ந்துவிடும். இரண்டுமே நல்ல உளிதான். வேலையைச் சொல்லாமல் இரண்டாவதை வாங்கிக்கொண்டு போனவர், சில நாளில் "மட்டமான சரக்கு" என்று வந்து நிற்பார்.

பசையும் அப்படித்தான். சாதாரண வெள்ளைப் பசை வீட்டுக்குள் வைக்கும் மேசைக்குப் போதும். மழை படும் இடத்தில் மூட்டு விட்டுவிடும். அதற்கு நீர் தாங்கும் வகை தனியாக இருக்கிறது. தேக்கு மாதிரி எண்ணெய்ப் பசை உள்ள மரத்தை ஒட்டுவதாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இழைத்த உடனே ஒட்டுங்கள், மரத்தின் ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்துக்கொள்ளுங்கள் என்பது போன்ற ஒரு வரி யோசனை அப்போதுதான் அவர் வாயிலிருந்து வரும். பசை டப்பாவை மட்டும் காட்டிப் பணம் கொடுத்தால் அந்த வரி வராது.

உப்புத்தாள் வாங்குவதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தாளின் சொரசொரப்பைச் சொல்லும் எண்ணுக்கு (எண் கூடக் கூடத் தாள் நைசு) முன்னால் 'பி' என்ற எழுத்து இருந்தால் அது ஐரோப்பிய அளவுமுறை. அந்த எழுத்து இல்லாத தாள் பழைய அமெரிக்க முறையில் இருக்கலாம். 220 வரை இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே போகும், அதற்கு மேல் பிரிந்துவிடும். பழைய முறையின் 320-க்கு இணை பி400. 400-க்கு இணை ஏறத்தாழ பி800. "போன தடவை 400 வாங்கினேன், இந்தத் தடவை கொடுத்தது சொரசொரப்பாக இருக்கிறது" என்ற புகாரில் பல நேரம் இதுதான் விஷயம். பழைய தாளின் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனால் போதும், பேச்சே தேவையில்லை.

தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்வதும் இதே வகைத் தவறு. நீங்கள் தலையாட்டத் தலையாட்ட, எதிரில் இருப்பவர் உங்களைக் கைதேர்ந்தவர் என்று நினைத்துக்கொண்டு அடிப்படை எச்சரிக்கைகளை விட்டுவிடுவார். "இது எனக்கு முதல் ரூட்டர்" (மரத்தில் பள்ளமும் ஓர வடிவமும் வெட்டும் மின்கருவி) என்று சொல்வதில் கௌரவம் ஒன்றும் குறையாது.

மரம் வாங்கும் இடம்

அதிகமான கசப்பு இங்கேதான். முதலில் அளவுக் கணக்கு.

கன அடி என்றால் எல்லோருக்கும் ஒன்று என்று நினைப்போம். அறுத்த சட்டத்துக்கு நீளம், அகலம், கனம் பெருக்கினால் வருவது கன அடி. உருட்டு மரத்துக்குப் பல இடங்களில் வேறு கணக்கு. சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். எட்வர்ட் ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் 1736-இல் வெளியிட்ட முறை இது; இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. இதில் கிடைக்கும் எண், மரத்தின் உண்மையான கன அளவில் சுமார் 78.5 சதவீதம்தான். அறுக்கும்போது தூளாகவும், பட்டையை ஒட்டி வரும் முதுகுப் பலகையாகவும் கழிவதற்கு விட்ட தள்ளுபடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே ஒரு கடையின் உருட்டு மர விலையையும் இன்னொரு கடையின் அறுத்த மர விலையையும் கன அடிக்குக் கன அடி ஒப்பிட்டுவிட்டு, "அவன் கொள்ளையடிக்கிறான்" என்று சொன்னால் கணக்கும் தப்பு, பேச்சும் தப்பு. எந்த முறையில் அளக்கிறார்கள் என்று முதலிலேயே கேளுங்கள். கடைக்காரர் முன்னால் நீங்களும் ஒரு துண்டை அளந்து பாருங்கள். நாணயமான கடை இதற்குக் கோபித்துக்கொள்ளாது.

வட அமெரிக்க முறையில் வன்மரம் விற்கும் இடங்களில் போர்டு அடி என்பார்கள். ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனம். அதாவது 144 கன அங்குலம். பன்னிரண்டு போர்டு அடி சேர்ந்தால் ஒரு கன அடி. கனத்தைக் கால் அங்குலங்களில் சொல்வார்கள்: நாலு கால் என்றால் ஓரங்குலம், எட்டுக் கால் என்றால் இரண்டு அங்குலம். இந்தக் கனம் அறுத்த நிலையில் உள்ளது. இருபுறமும் இழைத்த பிறகு ஓரங்குலப் பலகை 20 மில்லிமீட்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பணம் மட்டும் முழு அங்குலத்துக்கு. கட்டுமானத்துக்கான மென்மரத்தில் இந்தக் குறைவு இன்னும் கூடுதல். இரண்டுக்கு நாலு என்று பெயர் போட்ட சட்டத்தை அளந்தால் 38-க்கு 89 மில்லிமீட்டர்தான் இருக்கும், அதாவது ஒன்றரைக்கு மூன்றரை அங்குலம். இது தொழிலின் பழைய வழக்கம், ஏமாற்று இல்லை. வேலைக்கு உங்களுக்கு முடிவில் எத்தனை மில்லிமீட்டர் வேண்டும் என்று சொன்னால் அவரே எந்தக் கனம் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்.

கழிவுக்கு இடம் விடாமல் வாங்குவது இன்னொன்று. பலகையின் இரு முனைகளிலும் வெடிப்பு இருக்கும், முடிச்சு இருக்கும், ஒரு பக்கம் வெள்ளை (பட்டையை ஒட்டிய வெளிர்ந்த மரம்) ஓடியிருக்கும். வரைபடத்தில் வந்த கணக்குக்கு மேல் 20 முதல் 30 சதவீதம் சேர்த்து வாங்குவது வழக்கம். சரியாக அளந்து வாங்கிவிட்டு, கடைசியில் மேசைக்கு ஒரு கால் குறைகிறது என்று ஓடினால், முதலில் வாங்கிய மரத்தின் நிறமும் ரேகையும் அந்த அடுக்கில் இனி கிடைக்காது. முனை வெடிப்பையும் மெழுகுப் பூச்சையும் காட்டிச் சண்டை போடுகிறவர்கள் உண்டு. மெழுகு பூசுவதே முனை வழியாக ஈரம் வேகமாகப் போய் வெடிக்காமல் இருக்கத்தான்.

அடுத்தது ஈரப்பதம். "நன்றாகக் காய்ந்த மரம்தானே?" என்று கேட்டால் "ஆமாம்" என்ற பதில்தான் வரும், அது எதையும் சொல்வதில்லை. எத்தனை சதவீதம், சூளையில் உலர்த்தியதா, காற்றில் காய்ந்ததா, கடைக்கு வந்து எத்தனை நாள் எப்படி அடுக்கி வைத்திருந்தார்கள் என்று கேளுங்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரு நல்ல எண் கிடையாது. மரம், தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருக்கும். அறை வெப்பநிலையில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால் மரம் 9 சதவீதத்துக்குப் பக்கத்தில் நிலைக்கும். 65 சதவீதத்தில் 12, 80 சதவீதத்தில் 16. வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும் குளிர் நாட்டுக்காரர் 6 முதல் 8 சதவீத மரம் கேட்பது நியாயம். அதே மரத்தைக் கடலோர ஊர்க்காரர் வாங்கினால் அது வீங்கத்தான் செய்யும். "பலகை வாங்கும்போது நேராக இருந்தது, வீட்டில் வளைந்துவிட்டது" என்று வரும் புகார்களில் கணிசமான பங்கு இந்த இட மாற்றத்தால் வந்தது. வாங்கியதும் வேலை செய்யும் அறையிலேயே காற்றுப் போக இடையில் ரீப்பர் (மெல்லிய சட்டம்) கொடுத்து அடுக்கி, சில வாரங்கள் விட்டுவிட்டுப் பிறகு அறுப்பது நல்லது.

மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊசி குத்தும் மீட்டர் மின்தடையை அளந்து ஈரத்தைக் கணிக்கிறது. மர வகைக்கு ஏற்ற திருத்தம் போடாவிட்டால் எண் தவறும். கடையின் மீட்டர் 10 காட்டி உங்களுடையது 13 காட்டினால் உடனே குரல் உயர்த்த வேண்டாம். இரண்டிலும் எந்த மரத்துக்கான அமைப்பு போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

மரம் சுருங்குவதும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. மரத்தின் வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அகலமான மேசைப் பலகை கிண்ணம் மாதிரி வளைவது இதனால்தான். வளையக்கூடாத இடத்துக்கு என்றால் வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்ததைக் கேளுங்கள். விலை கூடும், ஏனென்றால் அப்படி அறுத்தால் கழிவு அதிகம்.

பெயர்க் குழப்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தேக்கு என்றால் டெக்டோனா கிராண்டிஸ். ஆனால் ஆப்பிரிக்கத் தேக்கு, பிரேசில் தேக்கு என்று வியாபாரத்தில் ஓடும் மரங்கள் அந்த இனத்தில் சேராதவை. பிரேசில் தேக்கு என்பது பெரும்பாலும் குமாரு என்ற மரம். மகோகனி கதையும் இதுதான்: உண்மையான மகோகனி ஸ்வீட்டீனியா, ஆப்பிரிக்க மகோகனி காயா, பிலிப்பைன் மகோகனி என்பது ஷோரியா வகை. இந்த மரங்கள் மட்டமானவை என்று சொல்லவில்லை, சில வேலைக்கு இவையே மேல். பில்லில் தாவரவியல் பெயரையும் எழுதித் தரச் சொன்னால் பிறகு வாதம் இருக்காது. எழுத மறுக்கும் கடையில் விலை உயர்ந்த மரம் வாங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஈட்டி மரம் போன்ற டால்பெர்ஜியா இனங்களை வெளிநாட்டுக் கடையில் ஆர்டர் செய்துவிட்டு, "அனுப்ப மறுக்கிறார்கள், காகிதம் கேட்டு இழுத்தடிக்கிறார்கள்" என்று திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அழியும் நிலை உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 2017 ஜனவரி 2 முதல் அந்தப் பேரினம் முழுவதும் இருக்கிறது. பிரேசில் ஈட்டி 1992-லிருந்தே இன்னும் கடுமையான முதல் பட்டியலில். உரிமம் இல்லாமல் பலகை எல்லை தாண்டாது. கடைக்காரர் இதில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

பலகை அடுக்கைக் கலைத்துப் போட்டுவிட்டு வருவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். அடியில் இருக்கும் ஒரு பலகைக்காக மேலே உள்ள எல்லாவற்றையும் இறக்கலாம், தவறில்லை. கேட்டுவிட்டு இறக்குங்கள். பிறகு ரீப்பர்களை ஒன்றின் நேர் மேல் ஒன்றாக வைத்து, இருந்தபடியே அடுக்குங்கள். ஏனோதானோ என்று போட்ட அடுக்கில் பலகைகள் வளைந்துவிடும். அடுத்த முறை நீங்கள் போகும்போது உள்ளேயிருந்து நல்ல பலகையை எடுத்துக் காட்டுவாரா இல்லையா என்பது இதில் பாதி தீர்மானமாகிவிடும்.

பொருந்துமா என்று பார்க்காமல் வாங்குவது

இது ஆபத்திலும் போய் முடியலாம். ரூட்டரில் மாட்டும் வெட்டுமுனையான பிட்டின் தண்டு கால் அங்குலம் என்றால் 6.35 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் தண்டும் கடையில் அதே அலமாரியில் தொங்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கால் அங்குலக் காலெட்டில் (தண்டைப் பிடிக்கும் கவ்வி) 6 மில்லிமீட்டர் தண்டைப் போட்டு இறுக்கினால் பிடித்த மாதிரிதான் தெரியும், ஓடும்போது நழுவிவிடும். அரை அங்குலத்துக்கும் 12 மில்லிமீட்டருக்கும் இடையில் 0.7 மில்லிமீட்டர் வித்தியாசம், அதுவும் இதே கதை. ரூட்டரின் பெயரையும் மாடலையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.

வட்ட ரம்பத் தகட்டில் நடுத்துளை நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய டேபிள் சாக்களில் 30 மில்லிமீட்டர் வழக்கம், வட அமெரிக்காவில் எட்டில் ஐந்து அங்குலம், அதாவது ஏறத்தாழ 15.9. தகட்டின் மேல் அச்சிட்ட உச்ச சுழல் வேகம் உங்கள் எந்திரத்தின் வேகத்தை விடக் குறைவாக இருந்தால் அந்தத் தகடு உங்களுக்கு இல்லை. தகடு வெட்டும் தடத்தின் அகலத்தை, பின்னால் நின்று, வெட்டிய தடம் மூடிக்கொள்ளாமல் தடுக்கும் பிளவுக் கத்தியோடும் ஒப்பிட வேண்டும். பிளவுக் கத்தி, தடத்தை விட மெல்லியதாகவும் தகட்டின் உடலை விடத் தடிமனாகவும் இருக்க வேண்டும். மெல்லிய தடத் தகட்டை யோசிக்காமல் வாங்கினால் மரம் பிளவுக் கத்தியில் முட்டி நின்றுவிடும். பிறகு "தகடு சரியில்லை" என்று கடைக்குப் போவார்கள்.

மின்சாரம் பற்றி ஒரு பொதுவான தவறான நம்பிக்கை உண்டு. 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் எந்திரத்தை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் ஓட்டிவிடலாம் என்பது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. கார்பன் பிரஷ் வைத்த கைக்கருவி பெரும்பாலும் சமாளிக்கும். டேபிள் சா, பிளேனர் போன்றவற்றில் இருக்கும் இண்டக்ஷன் மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும், சூடும் அதிகமாகும். விற்ற கடை உத்தரவாதம் தர மறுப்பதில் வியப்பில்லை.

இழைப்புளிக்கு உதிரிப்பாகம் வாங்குவதிலும் சிக்கல் வரும். லெனர்ட் பெய்லியின் வடிவமைப்புகளை ஸ்டான்லி நிறுவனம் 1869-இல் வாங்கியது. அந்த வரிசையின் எண்கள், அதாவது வழுவழுப்பாக்க 4, பொதுவேலைக்கு 5, நீள ஓரம் நேராக்க 7 என்பவை இன்று எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் பொதுவாகிவிட்டன. எண் பொது என்பதற்காக அலகும், அதாவது வெட்டும் தகடும், பொது ஆகிவிடாது. பழைய அலகு 2 மில்லிமீட்டர் கனம். இப்போதைய கனமான அலகு 3 மில்லிமீட்டரைத் தொடும். அதைப் பழைய உடலில் போட்டால் வாயில் (அலகு வெளியே நீளும் அடித்தட்டுத் திறப்பு) இடம் போதாமல் போகலாம், ஆழம் திருத்தும் நெம்புகோலின் முனை எட்டாமலும் போகலாம். "4-ஆம் எண்ணுக்கு அலகு" என்று போனில் சொல்லாமல், பழைய அலகைக் கையோடு கொண்டுபோங்கள். தூரத்தில் இருக்கும் கடை என்றால் அகலம், கனம், நடுத்துளையின் தூரம் மூன்றையும் அளந்து அனுப்புங்கள்.

புதுக் கருவியை முதல் நாளே எடைபோடுவது

விலை உயர்ந்த உளியாகவே இருந்தாலும் தொழிற்சாலையில் சாணை பிடித்த முனையோடுதான் வரும். ஏறக்குறைய 25 பாகையில் அரைத்திருப்பார்கள். அதன் மேல் 30 பாகையில் ஒரு சின்ன ஓரத்தைக் கல்லில் தீட்டிக்கொள்வது வாங்கியவர் வேலை. பெட்டியைத் திறந்ததும் மரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு "வெட்டவே இல்லை" என்று திருப்பி அனுப்பினால் மாற்றாக வருவதும் அப்படித்தான் இருக்கும். புது உளியின் முனை முதலில் பொடிப்பொடியாக உதிர்வதும் உண்டு. இரண்டு மூன்று முறை தீட்டி, அந்த மேல்பகுதி தேய்ந்த பிறகும் உதிர்ந்தால் அப்போது புகார் சொல்லலாம். சரியான புகாராக இருக்கும்.

எந்திரத்தின் இரும்பு மேசையில் பழுப்பு நிறப் பசை அப்பியிருந்தால் அது துருத் தடுப்பு கிரீஸ். யாரோ பயன்படுத்திய பழைய எந்திரம் என்று நினைக்க வேண்டாம். மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தால் போய்விடும்.

நிற மாற்றம் பற்றிய புகாரும் நிறைய. வால்நட் நாளாக ஆக வெளுக்கும், செர்ரி கறுக்கும். படாக் மரத்தின் ஆரஞ்சுச் சிவப்பு வெயில் பட்டால் பழுப்பாகும். "சாயம் போட்டு விற்றுவிட்டார்கள்" என்பதற்கு முன் இதைக் கடையில் கேட்டுவிடுங்கள். முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியது அவர்கள்தான் என்று நீங்கள் சொன்னால் அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆர்டர் கொடுத்துச் செய்யும் பொருள்

வாய்வார்த்தையில் ஆர்டர் கொடுத்துவிட்டு, பிறகு "நான் சொன்னது வேறு" என்பது. வரைபடம் கையால் போட்டதாகவே இருக்கட்டும். எல்லா அளவும் ஒரே அலகில் இருக்க வேண்டும். சில அளவு அங்குலத்திலும் சில அளவு மில்லிமீட்டரிலும் வேண்டாம். அது வெட்டும் அளவா, முடிந்த அளவா என்பதும் எழுதியிருக்க வேண்டும். நிறத்தைப் போன் திரையில் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் பொருளுக்கு எடுத்த அதே மரத்தின் துண்டில் பாலிஷ் போட்டுக் காட்டச் சொல்லி, அதன் பின்புறத்தில் தேதியோடு இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்கிய பிறகு மாற்றம் சொன்னால் அதற்கான காசும் நாளும் கூடும். அதையும் அன்றே எழுதி வாங்குங்கள்.

லாரி வந்து நிற்கும் நேரம்

டேபிள் சா மாதிரி இருநூறு கிலோவைத் தாண்டும் சரக்கு வரும்போது, ஓட்டுநர் அவசரப்படுத்துவார், நீங்களும் கையெழுத்துப் போட்டுவிடுவீர்கள். பிரச்சினை அங்கேதான். பெட்டியை நான்கு பக்கமும் படம் எடுங்கள். குத்தோ கிழிசலோ இருந்தால் அது எங்கே, எவ்வளவு பெரிது என்று ரசீதிலேயே எழுதுங்கள். "பார்த்த பிறகு சொல்கிறேன்" என்று பொதுவாக எழுதினால் போக்குவரத்து நிறுவனம் அதைக் கணக்கில் எடுக்காமல் போகக்கூடும். பிரித்ததும் வார்ப்பிரும்பு மேசையின் மூலைகளையும் கைச்சக்கரங்களையும் முதலில் பாருங்கள், விரிசல் அங்கேதான் விழும். சேதம் கண்ணில் பட்டால் அதற்கு மேல் பொருத்தாமல் நிறுத்துங்கள். பெட்டியையும் உள்ளே வைத்த நுரையையும் எறியாமல் வையுங்கள்.

புகாரை எழுதும் விதம்

"நீங்கள் அனுப்பிய இழைப்புளி சரியில்லை, ஏமாற்றிவிட்டீர்கள்." இப்படி ஒரு கடிதம் வந்தால் நல்ல கடைக்காரர்கூட என்ன செய்வார்? அலகு தீட்டவில்லையா, வாய் அடைக்கிறதா, அடித்தட்டு வளைந்திருக்கிறதா என்று கேட்டு அவர் எழுத, நீங்கள் இன்னும் கோபமாகப் பதில் எழுத, ஒரு வாரம் போய்விடும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"4-ஆம் எண் இழைப்புளி, பில் எண்ணும் தேதியும் கீழே. அலகை உள்ளே இழுத்து, மூடியை இறுக்கிய நிலையில் அடித்தட்டில் நேர்கோல் வைத்துப் பார்த்தேன். வாய்க்குப் பின்னால் 0.15 மி.மீ. ஃபீலர் தகடு (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறது, 0.20 நுழையவில்லை. படம் இணைத்திருக்கிறேன். மாற்றிக் கொடுக்க முடியுமா?"

இதில் கெஞ்சலும் இல்லை, மிரட்டலும் இல்லை. என்ன குறை, எப்படி அளந்தது, என்ன வேண்டும், மூன்றும் இருக்கிறது. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மாற்றுப் பொருள் வேண்டுமா, பணம் வேண்டுமா, உதிரிப்பாகம் அனுப்பினால் போதுமா என்று நீங்களே சொல்லிவிட்டால் கடையிலிருந்து முதல் பதிலே தீர்வாக வர வாய்ப்பு அதிகம்.

அளக்கும் கருவியை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். மூலைமட்டத்துக்கு எளிய வழி இருக்கிறது. நேரான ஓரம் உள்ள பலகையில் மட்டத்தை வைத்து ஒரு கோடு கிழியுங்கள். மட்டத்தை மறுபக்கம் திருப்பி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விரிந்தால், அந்த விரிவில் பாதி மட்டத்தின் பிழை. ஐம்பது வருடமாக வீட்டில் இருக்கும் மட்டத்தை வைத்துக் கடையின் புது மட்டத்தைக் குறை சொல்வதற்கு முன் இதை இரண்டிலும் செய்து பாருங்கள்.

மரத்தில் குறை என்றால் அறுப்பதற்கு முன் சொல்ல வேண்டும். ஒரு வெட்டு விழுந்த பலகையைத் திரும்ப எடுக்கும் கடை அபூர்வம். சூளையில் அவசரமாக உலர்த்திய பலகையில் உள்ளே இறுக்கம் தங்கியிருக்கும். நடுவில் கீறும்போது இரண்டு பாதியும் வளைந்து ரம்பத்தைக் கவ்வும். இது வெட்டினால்தான் தெரியும் என்பது உண்மை. அப்படி நேர்ந்தால் உடனே நிறுத்தி, வளைந்த நிலையிலேயே படம் எடுத்து அனுப்புங்கள். மீதிப் பலகைகளை வெட்டிவிட்டு "எல்லாமே இப்படித்தான்" என்றால் பேச இடம் இருக்காது.

உத்தரவாதத்தில் 'வாழ்நாள்' என்ற சொல்லைப் பார்த்து மயங்க வேண்டாம். அது தயாரிப்புக் குறைக்கு மட்டும். தேய்மானம், தீட்டியதில் போன முனை, கீழே விழுந்து உடைந்தது எதுவும் அதில் வராது. வீட்டு உபயோகத்துக்கு என்று விற்ற எந்திரத்தைப் பட்டறையில் நாள் முழுக்க ஓட்டினால் உத்தரவாதம் செல்லாமல் போவதும் உண்டு.

கடை பக்கம் தப்பு இருக்கும்போது

எல்லாப் பழியையும் வாங்குகிறவர் தலையில் போடுவது நியாயமில்லை. புதிதாக வருகிறவரைப் பார்த்துச் சிரிக்கும் கடைகள் இருக்கின்றன. எதைக் கேட்டாலும் அலமாரியில் இருப்பதிலேயே விலை கூடியதைத்தான் காட்டுவார்கள் சிலர். கல்லில் தீட்டத் தெரியாதவரிடம் மிக நைசான 8000 எண் கல்லை விற்பதால் யாருக்கு என்ன லாபம்? முதலில் 1000 எண் கல்லில் கை பழக வேண்டும் என்று சொல்கிற கடைக்காரரை விட்டுவிடாதீர்கள்.

இன்னும் சில அடையாளங்கள்: பசை டப்பாவில் தயாரித்த தேதி தெரியாதபடி விலைச்சீட்டு ஒட்டியிருப்பது, கலந்து வைத்த ஷெல்லாக் (அரக்கு மெருகுப் பூச்சு) எப்போது கலந்தது என்று கேட்டால் பதில் வராதது. பழையதாகிவிட்ட ஷெல்லாக் பூச்சு காயாமல் பிசுபிசுவென்று நிற்கும், அதற்கு உங்கள் கைத்திறன் காரணம் என்பார்கள். திருப்பிக் கொடுக்கும் விதியைப் பில்லில் அச்சடிக்காமல் வாயால் சொல்லும் கடையிலும் கவனம் தேவை. இங்கெல்லாம் நயமாகப் பேசிப் பயனில்லை. எழுத்தில் கேளுங்கள், பதில் வராவிட்டால் தயாரிப்பு நிறுவனத்துக்கு நேரடியாக எழுதுங்கள். பெரிய கருவி நிறுவனங்கள் பல, உதிரிப்பாக எண்களோடு பிரித்துக் காட்டிய வரைபடத்தை வெளியிட்டு வைத்திருக்கின்றன. எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் நடுவில் யாரும் தேவைப்பட மாட்டார்கள்.

மறுபக்கமும் ஒன்று உண்டு. ஒரு கடையில் அரை மணி நேரம் நின்று, ஐந்து இழைப்புளியையும் தள்ளிப் பார்த்து, எல்லா யோசனையும் வாங்கிக்கொண்டு, வெளியே வந்து போனில் மலிவாக வேறிடத்தில் ஆர்டர் போடுவது உங்கள் உரிமைதான். ஆனால் அப்படி வாங்கிய கருவியைத் திருத்த அதே கடைக்கு எடுத்துப் போய், "கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்கும் துணிச்சலை மட்டும் என்னால் புரிந்துகொள்ள முடிந்ததில்லை.

தீட்டக் கொடுப்பது

கார்பைடு பல் வைத்த ரம்பத் தகட்டைத் தீட்டக் கொடுக்கும்போது பிசின் அப்பிய நிலையிலேயே கொடுத்துவிடாதீர்கள். ஊறவைத்துத் துடைத்தால்தான் உடைந்த பல்லும் விரிசலும் தெரியும். ஆணியில் பட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தளர்ந்த பல் ஓடும்போது பறந்தால் யார் மேல் படும் என்று சொல்ல வேண்டியதில்லை. எத்தனை பல், என்ன விட்டம், எந்தக் கோணத்தில் தீட்ட வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதித் தகட்டோடு கட்டுங்கள், மற்றவர் தகட்டோடு மாறாது. திரும்பி வந்ததும் பல்லின் அகலத்தை ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். பலமுறை தீட்டிய தகட்டில் அது கொஞ்சம் குறைந்திருக்கும், முன்பு சரியாக இருந்த பிளவுக் கத்தி இப்போது தடத்தில் உரசலாம். எவ்வளவு குறைந்தது என்று தீட்டியவரையே கேட்டால் சொல்லிவிடுவார்.